வினை, கிருமி, பசி

காசநோய்க்கு முதல் மருந்து கண்டுபிடிக்கப்பட்டு எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மருந்துக்குக் கட்டுப்படும் வகை நோயாக இருந்தால், மலிவான மாத்திரைகளை ஆறு மாதம் விடாமல் சாப்பிடுவதே போதும். பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் இந்நோயில் விழுந்தார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் இந்தியாவில் இருப்பவர்கள். மருந்தே இல்லாத நோயால் ஒருவர் இறந்தால் மிஞ்சுவது துயரம். மருந்து இருக்கும்போதே இறந்தால் துயரத்தோடு ஒரு கேள்வியும் மிஞ்சுகிறது: இந்தச் சாவுக்கு யார் காரணம்?

இது மருத்துவருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. நோய் முற்பிறவி வினையால் வந்தது என்றால் அதன் சுமை நோயாளியின் தலையில் ஏறுகிறது. கிருமியால் வந்தது என்றால் அது மருத்துவரின் கைக்குப் போகிறது. அரைவயிற்றுச் சோற்றாலும் காற்று நுழையாத வீட்டாலும் வந்தது என்றால் ஊரும் அரசும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காசநோய் ஒழியுமா என்ற கேள்விக்கான விடை, இந்த மூன்றில் எதை ஒரு சமூகம் உண்மையில் நம்புகிறது என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.

இந்திய மரபில் இந்நோயின் கதை நிலவிலிருந்து தொடங்குகிறது. தக்கனின் இருபத்தேழு பெண்களை மணந்த சந்திரன் உரோகிணி ஒருத்தியிடம் மட்டுமே அன்பு காட்டினான். மாமனாரின் சாபத்தால் நாளுக்கு நாள் தேய்ந்தான். எஞ்சிய பிறையைச் சிவன் சடையில் சூடிக் காத்தார். இராஜயட்சுமா என்று வடமொழி மருத்துவ நூல்கள் குறிக்கும் உடலுருக்கும் நோய்க்கு மூலக்கதையாகச் சரக சங்கிதையும் சந்திரன் தேய்ந்த கதையையே சொல்கிறது. ஆனால் அந்நூல் கதையோடு நிற்கவில்லை. நோய்க்கு நான்கு காரணங்களை அது எண்ணுகிறது: வலிமைக்கு மீறிய உழைப்பு, உடலின் இயற்கை உந்துதல்களை அடக்குதல், தாதுக்கள் தேய்தல், ஒழுங்கற்ற உணவு. புராணத்தில் நோயுறுபவன் எல்லாம் இருந்தும் ஆசையால் தவறியவன். காரணப் பட்டியலின் முதலும் கடைசியும் காட்டுவதோ வேறொரு ஆளை: சக்திக்கு மேல் உழைத்து, வேளைக்குச் சோறு கிடைக்காதவரை. ஒரே நூலுக்குள் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். பின்வந்த சமூகம் முதலாமவரைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது.

அந்த நினைவின் விலை இன்னும் கொடுக்கப்படுகிறது. டிபி என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று வீட்டார் மறைக்கிறார்கள்; மணமான பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்; தட்டும் தம்ளரும் தனியாகின்றன. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. தட்டைத் தனியே வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் அந்த வழக்கம் விடவில்லை. ஏதோ தவறு செய்தவருக்கு வந்த நோய் என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. ஐரோப்பா வேறொரு வழியில் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கவிஞர்களின் நோயாக, மென்மையான ஆன்மாவின் அடையாளமாக இது போற்றப்பட்டது. நோயைத் தண்டனையாகக் காண்பதும் மேன்மையாகக் காண்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டுமே உடம்புக்கு நேர்ந்ததை ஒருவருடைய குணத்தின் மேல் எழுதிவிடுகின்றன.

வினைக் கோட்பாடு இந்தப் பிழைக்குத்தான் கொண்டுபோய் விடும் என்பதில்லை. அதை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர்கள் உண்டு. கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூர் எனப்பட்ட திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம் என்பது சைவ மரபு. அதன் தொடக்கத்தில் இருக்கும் வாதம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. இத்துன்பம் பழைய வினையின் பயன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதிலிருந்து பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களிடம் உள்ள குறை அல்லவா என்று அவர் கேட்கிறார். வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைத்தான் மறுக்கிறார். அவர் காட்டும் வழி திருநீலகண்டத்தின் மேல் ஆணையிடும் பத்தி வழி, மாத்திரை அன்று. ஆனாலும் வாதத்தின் அமைப்பு அப்படியே நிற்கிறது. துன்பத்தின் பழங்காரணம் எதுவாக இருந்தாலும், நிவாரணம் எட்டும் தூரத்தில் இருக்கும்போது தேடாதிருப்பது புதியதொரு குற்றமாகிறது. அந்தக் குற்றம் நோயாளியோடு முடிவதில்லை, பார்த்துக்கொண்டிருப்பவரையும் சேர்கிறது.

புத்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இராசகிருகத்தில் சீவகன் என்ற துறவி அவரிடம் வந்து, மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால் என்று சிலர் சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன என்று கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் பதிவு செய்கிறது. புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார்: பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியாக வினை. எல்லாவற்றுக்கும் வினையே காரணம் என்பவர்கள், தாமே அனுபவித்து அறிவதையும் உலகம் உண்மை என ஒப்புவதையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. பிறவிக் குருடர் ஒருவரைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் அல்லர் என்று இயேசு சொன்னதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பது அறிவியல் வந்து சமயங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அன்று.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை வெளியிட்டபோது, காரணம் பற்றிய விவாதமே முடிந்துவிட்டதுபோல் தோன்றியது. பரம்பரைக் குறை என்றும் ஒழுக்கக் கேடு என்றும் சொல்லிவந்தவர்களின் வாயை அந்தக் கண்டுபிடிப்பு அடைத்தது. அது பெரிய விடுதலை. ஆனால் கிருமியைக் கண்டதோடு காரணம் தீர்ந்துவிடவில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் அந்தக் கிருமி புகுந்த தடம் இருக்கிறது என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயுறுபவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர்தான். கிருமி இல்லாமல் காசநோய் இல்லை. கிருமி மட்டும் இருந்தாலும் காசநோய் இல்லை.

சைவ சித்தாந்தம் ஒரு பொருள் உண்டாவதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றைப் பிரித்துச் சொல்லும். குடத்துக்கு மண் முதல், சக்கரம் துணை, குயவர் நிமித்தம். இந்தப் பிரிவு காசநோய்க்கு நன்றாகப் பொருந்துகிறது. கோக்கிற்குப் பிந்திய மருத்துவம் கிருமியை நிமித்தமாகப் பிடித்து அதை அழிக்கும் வழியைத் தேடியது. அதில் வெற்றியும் பெற்றது. மெலிந்த உடல், நீரிழிவு, எச்ஐவி, புகை, மது, கல்தூள், நெரிசலான அறை ஆகியவை துணை என்ற வரிசையில் தள்ளப்பட்டன. ஆனால் எதிர்ப்புச் சக்தி இழந்த உடலே இந்தக் குடத்தின் மண் என்று வாதிட இடமிருக்கிறது. 2023இல் உலகில் நோயுற்றவர்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரின் நோய்க்கு ஊட்டக்குறைவை உலக சுகாதார நிறுவனம் காரணம் காட்டியது. மற்ற எந்தத் துணைக்காரணத்தின் கணக்கையும்விட அது பெரியது.

இங்கிலாந்தின் வரலாறு இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அங்கே காசநோய் இறப்பு விகிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே இறங்கத் தொடங்கியது. முதல் மருந்து வருவதற்குள் பெரும்பகுதி இறங்கிவிட்டது. உணவு மேம்பட்டதே முதன்மைக் காரணம் என்று மருத்துவ ஆய்வாளர் தாமஸ் மக்கியோன் வாதிட்டார். வீட்டு வசதியும், நோயாளிகளைத் தனி இல்லங்களில் வைத்ததும் பங்காற்றின என்று மற்றவர்கள் அவரை மறுத்தார்கள். எது எவ்வளவு என்பதில்தான் சண்டை. மாத்திரை வருமுன்பே நோய் பின்வாங்கியது என்பதில் இல்லை.

இதே கேள்வி மிகக் கூர்மையாகச் சோதிக்கப்பட்ட இடம் சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து இங்கே ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. அதுவரை காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம்: நல்ல காற்று, நீண்ட ஓய்வு, முட்டையும் பாலும். டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. படுக்கைகளோ சில ஆயிரம். நோயாளிகளோ பல லட்சம். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சென்னை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. வீட்டில் உடனிருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

ஏழைநாடுகளின் மருத்துவ வரலாற்றில் இதைப்போல மக்களுக்கு நன்மை செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. குடும்பத்தை விட்டுப் பிரியாமல், வேலையை முற்றிலும் இழக்காமல், படுக்கை கிடைக்கக் காத்திருக்காமல் குணமடையலாம் என்று அது காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு பிழையான முடிவும் பதுங்கியிருந்தது. வீட்டு நோயாளிகள் சானடோரிய நோயாளிகளைவிட மோசமாக உண்டார்கள், குறைவாகவே எடை கூடினார்கள், ஆயினும் குணமடைந்தார்கள். அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை என்று கொள்கை வகுத்தவர்கள் முடிவு கட்டினார்கள். நல்ல உணவு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும் என்பதுதான் ஆய்வு நிறுவியது. நல்ல உணவு தேவையில்லை என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அரை நூற்றாண்டு கழிந்தது.

அந்தப் பிழையைத் திருத்திய ஆய்வு ஜார்க்கண்டிலிருந்து வந்தது. 2019 தொடங்கி அம்மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தரப்பட்டன. ஆளுக்கு நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் என்ற கணக்கு. 2023இல் வெளியான முடிவின்படி, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் நோயில் குறைவு 48 விழுக்காடு. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் சிகிச்சை தொடங்கும்போதே எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் ஐந்து விழுக்காடு எடை கூடியவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் இந்த அளவுக்கு வெற்றி கண்ட தடுப்பூசி இன்றுவரை பயன்பாட்டில் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வு, அத்தடுப்பூசி பெரியவர்களை அந்நோயிலிருந்து காக்கவில்லை என்றே காட்டியது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றியவை. முன் உண்டது செரித்த பின் உண், அளவறிந்து உண், ஒவ்வாததை விலக்கு என்று அவை அறிவுறுத்துகின்றன. உண்ண இருப்பவருக்குச் சொன்ன அறிவுரை அது. உண்ண இல்லாதவரின் நோயைப் பேசியது மணிமேகலை. பசியைப் பிணி என்று பெயரிட்டு, அப்பிணி தீர்ப்பதையே அறத்தின் தலையாய செயலாக அக்காப்பியம் வைத்தது. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்துக்குள்ளும் சென்று சோறிடுகிறாள். அறமாகச் சொல்லப்பட்டதை ஜார்க்கண்ட் எண்கள் மருத்துவமாகவும் நிறுவியிருக்கின்றன. நோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் ஊட்ட உதவியாக மத்திய அரசு 2018இல் தொடங்கியது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக்கியது. நல்ல தொடக்கம் அது. ஆனால் அந்தப் பணத்தை ஒரு கருணைத் தொகையாகக் கருதும் வழக்கம் இன்னும் போகவில்லை. உணவு சிகிச்சையின் பகுதி என்றால் மாத்திரை தாமதமாவது எவ்வளவு பெரிய தவறோ, அந்த உதவி தாமதமாவதும் அவ்வளவு பெரிய தவறு.

காரணம் யார் என்ற கேள்வி நீதிமன்றத்திலும் எழுந்திருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கல்தூளைச் சுவாசித்து, நெருக்கமான விடுதிகளில் தூங்கிய தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் நுரையீரல் நோய்க்கும் காசநோய்க்கும் ஆளானார்கள். அவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இழப்பீடு தர, ஏறத்தாழ 500 கோடி ராண்ட் மதிப்புள்ள உடன்பாட்டை 2019இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்றது. கிருமியைச் சுரங்க முதலாளிகள் உண்டாக்கவில்லை. அது நோயாக வளர்வதற்கான உடலை உண்டாக்கியதற்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

நோயாளிக்கும் பொறுப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. சிகிச்சை பெறாத ஒருவரின் இருமல் உடனிருப்பவர்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது. மருந்தைப் பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம். இதனால் பிறந்த ஏற்பாடுதான் மருந்தைப் பணியாளர் கண்முன் விழுங்கச் செய்வது. டாட்ஸ் என்று ஊர்ப்புறச் செவிலியர்கள் வாயிலும் புழங்கும் முறை. அதன் வேர்களில் ஒன்றும் சென்னையில்தான் இருக்கிறது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீரைச் சோதித்தும் மாத்திரைகளை எண்ணியும் பார்த்தபோது, பலர் விட்டுவிட்டுச் சாப்பிடுவது அங்கே தெரிந்தது. ஆனால் அந்த முறை உலகக் கொள்கையானபோது அதற்குள் ஓர் ஐயப்பார்வையும் குடியேறியது: ஏழை நம்பத்தகாதவர், பார்த்துக்கொண்டே இருந்தால்தான் சாப்பிடுவார் என்ற பார்வை. வாரம் மூன்று நாள் மையத்துக்கு வந்து போக அன்றைய கூலியை இழக்க வேண்டும் என்பது பதிவேட்டில் எழுதப்படவில்லை. வராதவர் என்ற பெயர் மட்டும் எழுதப்பட்டது. பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கண்முன் விழுங்கச் செய்வதால் மட்டும் குணமடையும் விகிதம் பெரிதாக உயரவில்லை என்று கண்டார்கள். பேருந்துக் கட்டணம், பக்கவிளைவுக்கு உடனடிக் கவனிப்பு, மரியாதையாகப் பேசும் பணியாளர் ஆகியவை இல்லாத இடத்தில் கண்காணிப்பு தனியே எதையும் சாதிப்பதில்லை.

கட்டாயத்தின் எல்லையைக் கென்யா காட்டியது. அங்கே 2010இல் மருந்தை நிறுத்திய நோயாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பொதுச் சுகாதாரச் சட்டம் தனிமைப்படுத்த அனுமதிக்கிறது என்பது வாதம். 2016இல் நைரோபி உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நெரிசலான சிறை காசநோய் பரவ ஏற்ற இடம் என்ற ஒரு காரணமே போதும், அந்தச் செயலை அறிவுக்கும் அறத்துக்கும் புறம்பானது என்று சொல்ல. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒருவரை விலக்கி வைப்பதற்கு நியாயம் இருக்கும் காலம் மிகக் குறுகியது. அந்தக் காலத்திலும் அவர் குடும்பத்துக்குச் சோறு கிடைக்கிறதா என்று பார்ப்பது விலக்கி வைப்பவரின் கடமை.

மருந்து அரிதாக இருக்கும்போது யாருக்கு முதலில் என்ற கேள்வி, இந்நோயின் வரலாற்றில் தொடக்கத்திலேயே வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. போருக்குப் பிந்திய பிரிட்டனால் சிறிதளவே வாங்க முடிந்தது. கிடைத்ததைக் குலுக்கல் முறையில் கொடுத்து ஆய்வாக நடத்தினார்கள்: மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். எல்லாருக்கும் போதாத நிலையில் குலுக்கல் நியாயமானதே. செல்வமும் செல்வாக்கும் அங்கே நுழைய முடியாது. அந்த முடிவுகள் வெளியான அதே 1948இல்தான் எழுத்தாளர் புதுமைப்பித்தன் நாற்பத்திரண்டு வயதில் காசநோயால் இறந்தார்.

இன்றைய பற்றாக்குறை அப்படிப்பட்டது அன்று. பெடாகுலின், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயின் சிகிச்சையை மாற்றிய மருந்து. அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் பல ஆண்டுகள் சில மையங்களில் மட்டுமே, நிபந்தனைகளோடு கிடைத்தது. அதன் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. எதிர்த்து மனுச் செய்தவர்கள் இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் சேர்ந்த இரு பெண்கள். காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய ஊசிமருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறன் இழந்தவர்கள். விலை பின்னர் இறங்கியது. இங்கே மருந்து செய்யும் திறன் இருந்தது, ஆலை இருந்தது. தடையாக நின்றது மனிதர் வகுத்த விதி. இயற்கை தந்த பஞ்சத்துக்குச் சீட்டுக் குலுக்கலாம். மனிதர் உண்டாக்கிய பஞ்சத்தை நீக்குவதைத் தவிர வேறு நியாயம் இல்லை.

ஒழிப்புக்கான வாய்ப்பு எப்படி இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கின்படி, 2015ஐ ஒப்பிட 2035க்குள் புதிய நோயாளிகள் 90 விழுக்காடும் இறப்புகள் 95 விழுக்காடும் குறைய வேண்டும். 2025க்குள் பாதியாவது நோய் குறைந்திருக்க வேண்டும். 2023 வரை உலகம் கண்ட குறைவு 8.3 விழுக்காடு. இந்தியா தனக்கு 2025 என்றே நாள் குறித்தது. 2015இல் லட்சம் பேருக்கு 237ஆக இருந்த புதிய நோயாளிகள் 2023இல் 195, 2024இல் 187 என இறங்கினார்கள். உலகச் சராசரியைவிட இது நல்ல வேகம். குறித்த இலக்குக்கு வெகு தொலைவு. போருக்குப் பின் மேற்கு ஐரோப்பா ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வேகத்தில் நோயைக் குறைத்தது. அங்கே அப்போது புதிய மருந்துகளும் நிறைந்த தட்டுகளும் நல்ல வீடுகளும் ஒருசேர வந்தன. நோயுற்ற குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, சிகிச்சைக் காலத்தில் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பதை இன்றைய உலகக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. சோதனை இலவசம், மாத்திரை இலவசம் என்ற பிறகும் இழப்பு அவ்வளவு.

கருவிகள் குறைவில்லை. சளியில் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் காட்டும் சோதனை 2010 முதல் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தைக் கணினியே படித்துச் சொல்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத நோய்க்கு ஊசியில்லாத ஆறு மாதச் சிகிச்சை வந்துவிட்டது. வாரம் ஒரு வேளை வீதம் பன்னிரண்டு வாரம் உண்ணும் தடுப்பு மருந்தும் உண்டு. நோயற்றவருக்கு, நாளை வரலாம் என்ற கணக்கில் மருந்து கொடுப்பதில் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது: பக்கவிளைவு இன்று அவருக்கு, நன்மை பெரும்பாலும் கூட்டத்துக்கு. விளங்கச் சொல்லி, ஒப்புதல் பெற்றுக் கொடுப்பதுதான் அதற்குத் தீர்வு. எண்ணிக்கை இலக்கின் அவசரத்தில் முதலில் விடுபட்டுப்போவதும் அந்த ஒப்புதல்தான். புதிய தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்ட ஆய்வு 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. முந்தைய கட்டத்தில் அது நோய் வருவதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது.

இலக்கு நோயாளி எண்ணிக்கையாக மட்டும் இருந்தால் சாகக் கிடப்பவர் கண்ணில் படாமல் போகலாம். 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் அந்த வரிசையை மாற்றியது. நோய் கண்டறிந்த உடனேயே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்து, மிக நலிந்தவர்களைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. பெரிய கருவி எதுவும் வேண்டாம். இருக்கிற எடைமேடையை ஒவ்வொருவருக்கும் தவறாமல் பயன்படுத்த வேண்டும். பல மாவட்டங்களில் தொடக்க வார இறப்புகள் குறைந்தன.

எண் குறையக் குறைய ஆபத்தும் ஒன்று வளர்கிறது. நியூயார்க் நகரம் காசநோய் போய்விட்டது என்று நம்பித் தன் மருத்துவ மையங்களையும் பணியாளர்களையும் குறைத்தது. வீடற்றோர் பெருக்கமும் எச்ஐவியும் சேர்ந்துகொள்ள, 1992இல் நோயாளிகள் 3,800ஐ எட்டினார்கள். மீட்க நூறு கோடி டாலருக்கு மேல் செலவானது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு மருத்துவ உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல திட்டங்கள் ஒரே வாரத்தில் தடுமாறின. குறையும் எண்ணிக்கையில் எஞ்சுபவர்கள் சிறைவாசிகள், புலம்பெயர் கூலிகள், மலைவாழ் பழங்குடியினர், தெருவில் உறங்குவோர். குரல் எழுப்ப ஆளில்லாதவர்கள். கிருமி ஒருவர் உடலில் பல பத்தாண்டுகள் உறங்கும் இயல்புடையது. இன்று தொற்று முற்றிலும் நின்றாலும், இந்த ஆண்டு தொற்றுக்கு ஆளான ஒரு குழந்தை அறுபது வயதில், நீரிழிவோ முதுமையோ உடலைத் தளர்த்தும்போது, நோயுறலாம். இலக்கு எட்டிய பிறகும் அவருக்காக ஓர் ஆய்வகமும் மருந்து இருப்பும், இருமலைக் கேட்டதும் காசநோயை நினைக்கத் தெரிந்த ஒரு மருத்துவரும் அதுவரை இருந்தாக வேண்டும்.